சுவிட்சை மாற்றுமுன் அறிய வேண்டியவை



பஹ்ரைனிலும் தமிழகத்திலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆதலால் ஊரில் செய்த வேலையை இங்கும் செய்துவிடலாம் என்று சிலர் துணிகின்றனர். ஆனால் சுவருக்குள் இருக்கும் கம்பியின் நிறத்தை நம்புதல் ஆகாது.

நம் ஊர் வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை பேஸ் கம்பிகள், கறுப்பு நியூட்ரல். பிரிட்டனிலும் அவ்வாறே இருந்து, 2004-இல் மாறியது. புதிய முறையில் நீலம் நியூட்ரல். பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை பேஸ். பலமுறை பழுதுபார்க்கப்பட்ட பழைய கட்டடத்தில் இரு முறைகளும் கலந்திருக்கக்கூடும்.

மேலும், விளக்குச் சுவிட்சில் இணைந்துள்ள இரு கம்பிகளுள் ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவரும். மற்றொன்று விளக்குக்குக் கொண்டுசெல்லும். அது கறுப்பாயினும் நியூட்ரல் அன்று.

எனவே, மின்பகிர்வுப் பெட்டியில் முதன்மை பிரேக்கரை அணையுங்கள். மின்சாரம் அறவே இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்யுங்கள். பழைய இணைப்பைக் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருவழிச் சுவிட்சில் கம்பி இடம் மாறினால் விளக்கு சரிவர எரியாது.

சுவிட்சை வேறிடத்திற்கு மாற்றுவது இதனினும் பெரிய வேலை. கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றிச் சுவருக்குள் பூசி மறைத்தால், அவ்விணைப்பு சூடேறித் தீப்பற்றலாம். வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெற்று, உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் அதனை ஒப்படையுங்கள்.

ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளில், ஒருவரது அவசரம் அனைவரது உயிருக்கும் கேடாகும்.