விண்ணேறிய ஐம்பொறி உயிர்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விண்வெளிப் பயணத்தைப் பற்றிப் பேசுவோர், 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியை வலம் வந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். நம் அவையில் அதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குவது பொருத்தம் எனக் கருதுகிறேன். பூமியை முதன்முதலில் சுற்றிய விலங்கு, மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த லைகா என்னும் பெண் நாய். நம் ஆகம வழக்கில் சொன்னால், ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்.

தெருநாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குளிரும் பசியும் பழகிய உடல் எதனையும் தாங்கும் என்று விஞ்ஞானிகள் எண்ணினர். சிறிய கலத்துக்குள் இருக்கப் பழக்குவதற்காக, வரவரச் சிறிதாகும் கூண்டுகளில் இருபது நாள்கள் வரை நாய்களை அடைத்துவைத்தனர். கலத்தினுள் லைகா நிற்கலாம், படுக்கலாம். திரும்ப இயலாதபடி சங்கிலி பூட்டியிருந்தனர். கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் தத்துவார்த்த சூத்திரம் முதலில் வைப்பது, உயிரைக் கட்டிவைக்கும் பந்தத்தையே.

அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி என்னும் மருத்துவ விஞ்ஞானி, பயணத்துக்கு முன் லைகாவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று குழந்தைகளோடு விளையாட விட்டார். பிழை வேறிடத்தில் இருந்தது.

1957 அக்டோபர் 4 அன்று முதல் ஸ்புட்னிக் வெற்றி கண்டது. அடுத்த கலம், நவம்பர் 7-இல் வந்த ரஷ்யப் புரட்சியின் 40-ஆம் ஆண்டு நிறைவுக்குள் பறக்க வேண்டும் என்று குருசேவ் விரும்பினார். பொறியாளர்களுக்குக் கிடைத்த காலம் நான்கு வாரத்துக்கும் குறைவு. சுற்றுப்பாதைக்கு ஏற்றும் ராக்கெட் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் கலத்தின் வேகத்தைத் தணித்து, காற்று உராய்வின் தீயிலிருந்து காத்து, பாராசூட்டில் இறக்கும் நுட்பம் அன்று இல்லை. மீளும் வழி இல்லை என்று அறிந்தே அனுப்பினர்.

நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 எழுந்தது. வெப்பக் கட்டுப்பாடு சரிவர இயங்காமல், அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. சில மணி நேரத்தில் லைகா இறந்தது. பல நாள்கள் உயிரோடு இருந்ததாகவே உலகம் நம்பியிருந்தது. உண்மை 2002-இல்தான் வெளிவந்தது.

ஓர் உயிர் போனாலும் அறிவு வளர்ந்ததே என்பார் உளர். அதற்கு மறுமொழி சொன்னவர், அந்த நாய்களைப் பயிற்றிய ஓலெக் கசென்கோவே. அப்பயணத்தில் கற்றது லைகாவின் சாவை நியாயப்படுத்தப் போதாது என்று 1998-இல் அவர் வெளிப்படையாக வருந்தினார். உயிருக்கு நேரும் கேட்டோடு, அதற்கு முன்னிற்கும் பிரமாதத்தையும் சேர்த்தே நம் ஆசாரியர்கள் இம்சைக்கு இலக்கணம் வகுத்தனர். விழா நாளுக்காகப் பட்ட அவசரம் பிரமாதமன்றி வேறென்ன?

மீளும் நுட்பம் கைவந்தபின், 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரு நாய்கள் சுற்றுப்பாதை சென்று உயிரோடு திரும்பின. அதற்கும் விலை உண்டு. அதற்கு முந்தைய மாதம் அனுப்பிய வேறு இரு நாய்கள் ராக்கெட் வெடித்து மாண்டன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ககன்யான் திட்டத்தில், மனிதரை ஏற்றுவதற்கு முன்பே தப்பிக்கும் வழியைச் சோதித்துப் பார்க்கின்றனர். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த சோதனை ராக்கெட்டிலிருந்து ஆளில்லாக் கலம் நடுவானில் பிரிந்து, பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. முன்னோட்டப் பயணத்துக்கென 2020-இல் இஸ்ரோ அறிமுகப்படுத்தியது வியோமித்ரா என்னும் பெண் வடிவ இயந்திரத்தை. இது அகிம்சை நோக்கால் மட்டும் விளைந்தது என்று நாம் உரிமை கொண்டாட வேண்டா. விண்வெளியில் உடலுக்கு என்ன நேரும் என்பது பெரும்பாலும் இன்று தெரிந்ததே. ஆயினும் அந்த இருக்கையில் கட்டுண்டு கிடக்கும் உயிர் எதுவும் இராது. அறையின் காற்றையும் அழுத்தத்தையும், லைகாவின் கலத்தில் கைமீறிப்போன வெப்பத்தையும் கண்காணித்துச் சொல்வது வியோமித்ராவின் பணி.