மஞ்சள் நீரும் சூளைக் கடனும்

(திண்டிவனத்தில் விவசாயக் கூலித் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் ஒரு பெண் ஊழியர் பேசியது.)



கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுகிற மேடையில் இன்றைக்கு நான் மஞ்சள் நீராட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆண் தோழர்கள் சிலர் தலையைக் குனிந்து கொள்கிறீர்கள். கூச்சம் வேண்டாம். கடன் வாங்குகிறவர்கள் நீங்கள். ஆகவே நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தென்னாற்காடு ஜில்லாவைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கியது 1993ல். அந்த வருஷம்தான் நான் வயதுக்கு வந்தேன். எட்டாவது படித்துக் கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெளியே பச்சைத் தென்னங்கீற்றில் என் தாய்மாமன் குடிசை கட்டினார். தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு முட்டை உடைத்ததில்லை.

பதினாறாம் நாள் சடங்கு. முன்னால் மேளம், பின்னால் மாமன் கொண்டுவந்த சீர்வரிசைத் தட்டுகள். பட்டுப் புடவை, கொலுசு, கால் பவுன் தோடு. ஊரே வந்து பார்த்தது. நானும் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

என் மாமன் யார்? மல்லாட்டை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போகிற கூலிக்காரர். அவருக்கு இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? செங்கல் சூளை மேஸ்திரியிடம் 4,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். "எங்க அக்கா பொண்ணுக்கு நான் செய்யலேன்னா ஊர்ல எப்படித் தலை காட்டுவேன்?" என்று கேட்டார். தை பிறந்ததும் மாமனும் அத்தையும் சூளைக்குப் போனார்கள். இரண்டு பேர் உழைத்தால் கணக்குத் தீராது என்று, ஆறாவது படித்த மகளையும் கூட்டிப் போனார்கள். அவள் மண் உருட்டிக் கொடுத்தாள். காய்கிற கல்லைத் திருப்பிப் போட்டாள். மூன்று வருஷமாகியும் கணக்குத் தீரவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. நான் பத்தாவது தேறினேன். அவள் இன்றைக்கும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள்.

தோழர்களே, என் காதில் மின்னிய கால் பவுன், அந்தப் பெண்ணின் படிப்பு! இந்தக் கணக்கைப் போட எனக்கே பல வருஷம் ஆயிற்று.

கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1976ல். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப் போடுவது குற்றம். அந்தக் குற்றவாளியை எதிர்த்து நாம் போராடத்தான் வேண்டும். ஆனால் என் மாமனை அவன் வாசலுக்குத் தள்ளிவிட்டது எது? ஊர் மெச்ச வேண்டும் என்கிற நம்முடைய வழக்கம். அதையும் பார்க்க வேண்டாமா?

இந்தச் சடங்கு எதற்காக? "எங்கள் வீட்டில் பெண் இருக்கிறாள், கேட்க வரலாம்" என்று ஊருக்குச் சொல்வதற்காக. பெண்ணுக்கு 13, 14 வயதிலேயே கல்யாணம் செய்த காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதை 14 என்று வைத்தது. 1949ல் அது 15 ஆயிற்று. 1978ல் 18 ஆயிற்று. இன்றைக்கு 13 வயதுப் பெண்ணைக் கேட்டு யாரும் வரக்கூடாது. வந்தால் குற்றம். அப்படியிருக்க, யாருக்காக இந்த அறிவிப்பு? யாருக்காக மண்டபமும் பிளக்ஸ் பேனரும்?

"பெண் பெரியவளானால் கொண்டாடுவது உலகத்தில் எங்கும் இல்லையா?" என்று கேட்பீர்கள். பல இடத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

அமெரிக்காவில் நவஹோ என்கிற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் 'கினால்டா' சடங்கு நான்கு நாள். அங்கே பெண்ணை மூலையில் உட்கார வைப்பதில்லை. விடியற்காலையில் கிழக்கே பார்த்து ஓட வைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தூரம் ஓட வேண்டும். அவள் மக்காச்சோளம் அரைக்கிறாள். தரையில் குழி வெட்டி, பெரிய சோள அடை சுட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பங்கு போடுகிறார்கள். பழங்குடிகளின் ஆட்டங்களையும் சடங்குகளையும் அமெரிக்க சர்க்கார் 1883ல் குற்றமாக்கியது. வழிபாட்டு உரிமைக்குச் சட்டம் வந்தது 1978ல்தான். அவ்வளவு காலமும் அந்த மக்கள் தங்கள் சடங்கை விடவில்லை. பெண்ணுக்குப் பலம் கொடுக்கிற சடங்கை ஏன் விட வேண்டும்?

கென்யாவைப் பாருங்கள். அங்கே சில இனத்தாரிடம், பெண் பெரியவளாவதற்கு அடையாளம் என்று சிறுமியின் உறுப்பை அறுக்கிற கொடுமை உண்டு. 1996ல் தாரகா பகுதியில் மாதர் அமைப்பு தாய்மார்களோடு கலந்து பேசியது. கத்திக்குப் பதிலாகச் சொல்லால் சடங்கு செய்வது என்று முடிவாயிற்று. ஒரு வாரம் பெண்பிள்ளைகள் கூடியிருப்பார்கள். உடம்பைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். கடைசி நாளில் பாட்டு, ஆட்டம், பரிசு. சந்தோஷம் அப்படியே இருக்கிறது. கத்தி மட்டும் இல்லை! 2011ல் சட்டமும் தடை போட்டது. கொடுமை இன்னும் அடியோடு ஒழியவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

நம் ஊரில் கத்தி இல்லை, குடிசை இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், வயதுக்கு வந்தவள் என்று வீட்டுக்கு வெளியே குடிசையில் படுக்க வைத்த சிறுமி, தென்னை மரம் சாய்ந்து செத்துப் போனாள். நேபாளத்தில் மாதவிலக்கான பெண்களைக் கொட்டகையில் ஒதுக்கி வைத்து, குளிரிலும் புகையிலும் பாம்புக் கடியிலும் பலர் செத்தார்கள். 2005ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2018 முதல், அப்படி ஒதுக்கி வைப்பவருக்கு மூன்று மாதம் வரை ஜெயில் கிடைக்கலாம்.

ஒதுக்குவதற்குச் சொல்லும் காரணம் 'தீட்டு'. தோழர்களே, இந்தச் சொல்லை நாம் வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? குளத்தில் இறங்காதே, கோயிலில் நுழையாதே, தனிக் குவளையில் குடி என்று நம்மைத் தள்ளி வைத்தபோது கேட்டிருக்கிறோம். அந்தத் தீட்டை எதிர்த்து அடிபட்டோம். அதே தீட்டை, அதே தனிச் சொம்பை, நம் மகளுக்கு நாமே கொடுக்கலாமா?

சடங்கு முடிந்த பெண் எங்கே போகிறாள்? பல வீடுகளில் படிப்பு அன்றோடு சரி. 'சுமங்கலித் திட்டம்' என்று அழகான பேர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, நூற்பு ஆலைகள் ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கியதை நாம் அறிவோம். 2019ல் தமிழ்நாட்டுத் தையல் ஆலைகளில் சுமார் 100 பெண்களைச் செய்தியாளர்கள் விசாரித்தார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் பேர் தெரியாத மாத்திரையைக் கொடுத்து வேலையைத் தொடரச் சொன்னார்கள் என்று அந்தப் பெண்கள் கூறினார்கள். வீட்டில் மாலை போட்டு மதித்த அதே உடம்புக்கு, ஆலையில் பத்து நிமிஷம் உட்கார இடமில்லை!

நான் சந்தோஷத்துக்கு விரோதி அல்ல. பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், களி கிண்டுங்கள், முட்டை கொடுங்கள். பதினாறு நாளோடு நிறுத்தாமல் எப்போதும் கொடுங்கள். ஆனால் குடிசை வேண்டாம். மறுநாளே அவள் பள்ளிக்கூடம் போகட்டும். சீருக்காக யாரும் முன்பணம் தொட வேண்டாம். பள்ளியில் தண்ணீரோடு கழிப்பறையும், புதுயுகம் திட்டத்து நாப்கினும் தவறாமல் கிடைக்கிறதா என்று சங்கம் போய்க் கேட்கட்டும். ஆலையிலும் கரும்புத் தோட்டத்திலும் பெண்களுக்கு மறைவிடமும் ஓய்வும் கேட்பதை, கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுதுவோம்.

கடைசியாக ஒன்று. சூளைக்குப் போனாளே என் மாமன் மகள், அவளுக்கும் ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பெண் வயதுக்கு வந்தபோது அவள் தன் தம்பியைக் கூப்பிட்டு, "சீர் வேணாம்டா. அந்தப் பணத்தை இவ காலேஜ் சேர்றப்போ கொண்டா" என்றாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. தம்பியும் சொன்னபடி செய்தான். அந்தப் பெண் இப்போது திண்டிவனம் அரசுக் கல்லூரியில் படிக்கிறாள்.

நான் மேடையில் பேசுகிறேன். அவள் செய்து காட்டிவிட்டாள். நாமும் செய்வோம், தோழர்களே!