தேள்கொடுக்கு வச்ச சொல்லு

(மஞ்சக்குட்டையில் பேசியது)

காப்பிக் காட்டுல இருந்து நேரா வந்திருக்கீங்க. சுருக்கமா பேசுறேன்.

இந்தப் படப் புத்தகத்தின் பேர் 'பீமாயணம்'. அண்ணல் அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்வது. 2011இல் வெளிவந்தது, தமிழிலும் இருக்கிறது. வரைந்தவர்கள் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்கமாட்டோம், மூச்சு முட்டும்னு சொல்லிட்டாங்க. சேரியும் ஒரு கட்டம்தானே!

இதுல சாதித் திமிர்ப் பேச்சுக்குத் தேள்கொடுக்கு இருக்கு. இதமான பேச்சு பறவை வடிவத்துல வருது.

1917இல் பரோடாவில், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணலை, பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். அன்று அழுததை அவரே எழுதியிருக்கிறார். விரல் நீட்டி நிக்கிற சிலையை மட்டும் பார்த்த நமக்கு இது தெரியணும். ஆம்பள அழக்கூடாதுன்னு அடக்கின அழுகை டாஸ்மாக்குக்குப் போகுது, அப்புறம் பொம்பள முதுகுல விழுது.

மேஸ்திரி சொன்ன சொல்லு ராத்திரி தூங்கவிடாம குத்துதா? அடுப்புக்கரி போதும். அந்தச் சொல்லை எழுதி, கொடுக்கு வரைங்க. உள்ள கிடந்தது கண்ணு முன்னால நிக்கும். தேதியும் போடுங்க. 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல புகார் கொடுக்கும்போது நினைவு பிசகாது. படம் வரைஞ்சா கூலி ஏறுமா? ஏறாது. கூலிக்குச் சங்கம்தான். ஆனா சங்கத்துக்கு வர்றதுக்கு ஆளு உசுரோட, தெம்போட இருக்கணுமில்ல?

ஆறுதலாப் பேசினவங்க சொல்லுக்குப் பறவை வரைங்க. தாளும் கரியும் கொண்டாந்திருக்கேன். முன்னால உட்கார்ந்திருக்கிற பாட்டி, நீங்க முதல்ல எடுங்க.