கூத்தர் வாய்ச்சொற்கள்

(உத்தரமேரூர்த் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பக்கத்துத் திரௌபதையம்மன் விழா அழைப்பிதழ்களைப் பார்த்திருப்பீர்கள். பகலில் 'மகாபாரத உபந்நியாசம்' என்று அச்சிடுகின்றனர். ஊரார் வாயிலோ அது 'பாரதம் படித்தல்'. பேச்சில் உயிரோடிருக்கும் சொல்லை அச்சில் ஏன் கொல்லவேண்டும்?

பாரதம் படித்தல் நேற்றைய வழக்கன்று. காஞ்சிக்கு அணித்தான கூரத்தில் கிடைத்த, பல்லவன் முதலாம் பரமேசுவரவன்மனின் 7ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென ஒரு பங்கை ஒதுக்குகின்றது. 1300 ஆண்டுகட்கு முன்பே, கதை சொல்லல் இம்மண்ணில் ஊதியம் பெற்ற தொழில் என்க! பின்னர்த் தஞ்சை மராட்டியர் வழியில் வளர்ந்ததே 'கதாகாலட்சேபம்'. காலங் கழித்தல் என்பதே 'காலட்சேபம்' என்னும் சொல்லின் பொருள். கதை கேட்பது நமக்குக் காலங் கழிப்பு மட்டுந்தானா?

தமிழன் கதைக் கலைக்குப் பெயரிட்ட முறையைப் பாருங்கள். வில்லை அடித்துப் பாடினால் வில்லுப்பாட்டு. உடுக்கையை அடித்துப் பாடினால் உடுக்கைப்பாட்டு. கண்ணால் கண்டதையே பெயராக்கினான். நம் காஞ்சிப் பக்கத்துக் கூத்தர் பலர் தங்கள் கலையைக் 'கட்டைக்கூத்து' என்பதும் அவ்வாறே. முடியிலும் தோளிலும் மார்பிலும் அணியும் மரத்தாலான அணிகளே 'கட்டை'. 'தெருக்கூத்து' என்பது கலையைத் தெருவில் நிறுத்துகின்றது. 'கட்டைக்கூத்து' அதன் கோலத்தைச் சொல்கின்றது. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் அப்பெயரையே தாங்கியது. புலவர் நாம் தெருவென்று எழுதிக்கொண்டிருக்கையில், கலைஞர் தம் பெயரைத் தாமே மீட்டனர்!

சப்பானியரிடமும் இப்போராட்டம் உண்டு. அவர்கள் மொழியில் 'கதாரு' என்பது எடுத்துரைத்தல். 'மோனோ' என்பது பொருள். இரண்டும் சேர்ந்தே 'மோனோகதாரி' என்னும் கதைப்பெயர் பிறந்தது. ஈழத்தார் பேசுதலைக் 'கதைத்தல்' என்பது நினைவுக்கு வருகின்றதல்லவா? வந்தாலும், ஒலியொப்புமை ஒன்றையே கண்டு உறவு கொண்டாடற்க. பகைவர் நகைக்க இடந்தருவோம். அங்கே ஒருவர் அமர்ந்தபடியே விசிறியும் கைத்துணியுங் கொண்டு நகைக்கதை சொல்லுங் கலைக்கு இன்று 'இராக்குகோ' என்று பெயர். அது சீன ஒலியில் அமைந்த சொல். முன்னர் வழங்கிய 'ஒதோசிபனாசி' அவர்தம் சொந்தச் சொல். புதுப்பெயர் வென்றபோதும், அக்கலைஞரை 'அனாசிகா' என்னும் சொல் இன்றும் வழங்குகின்றது. 'அனாசி' என்றால் பேச்சு, கதை. அச்சொல்லை எழுத, வாயையும் புதுமையையுஞ் சேர்த்துத் தாமே ஓர் எழுத்தையும் படைத்துக்கொண்டனர். சீனத்திடம் எழுத்தைக் கடன் வாங்கியவர் அவர். எழுத்துங் கூத்தும் சொந்தமாக உடைய நமக்கு என்ன குறை?

ஒன்று சொல்வேன், சிலர்க்குக் கசக்கும். கூத்தரின் சொல்லைத் திருத்த நாம் விரைய வேண்டா. கூத்தாசானை அவர்கள் 'வாத்தியார்' என்பர். அது வடசொற் சிதைவுதான். என்னையும் ஊரார் அப்படித்தான் அழைக்கின்றனர்! முதலில் அவர்களிடமுள்ள தூய சொற்களை எழுதிக்கொள்வோம். பின்பாட்டு, கட்டை, அடவு என ஒரு களஞ்சியமே அவர்கள் வாயில் இருக்கின்றது. முதிய கூத்தர் ஒருவர் மறையும்போது எத்தனை சொற்கள் உடன் மறைகின்றனவோ!

ஆதலின், விடுமுறையில் மாணவரோடு கூத்தர் வீடுகளுக்குச் செல்ல எண்ணியுள்ளேன். உடன் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் தருக. அடுத்த விழா அழைப்பிதழில் 'பாரதம் படித்தல், கட்டைக்கூத்து' என்று அச்சிடுமாறு விழாக் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கின்றேன்.