கொடியிலிருந்து சட்டிக்கு

(தொலைக்காட்சி உரையரங்கில் ‘வீட்டுத் தோட்ட அறுவடை’ என்னும் தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் கேமரன் மலைக்குக் கார்கள் வரிசை கட்டி ஏறுவதைப் பார்க்கலாம். அதில் தைப்பிங் கார்களும் இருக்கும். மேலே போனதும் பிள்ளைகளுக்கு முதல் வேலை ஸ்ட்ராபெரி பறிப்பது. பண்ணையில் காசு கட்டினால் ஒரு சின்னக் கூடையும் கத்தரிக்கோலும் கொடுப்பார்கள். பறித்த பழத்தை நிறுத்து, அதற்கும் காசு வாங்கிக்கொள்வார்கள். திரும்பும்போது ஒரு தொட்டிச் செடியும் காரில் ஏறிவிடும்.

தைப்பிங் வீட்டு வாசலில் அந்தச் செடி என்ன ஆகிறது? கொஞ்ச நாள் இலை விடும். ஓடுகொடியும் விடும். பழம் மட்டும் வராது. “நம்ம கை ராசி அவ்வளவுதான்” என்று சொல்லி ஒருநாள் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

பாவம், கை என்ன செய்யும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கேமரன் மலைப் பண்ணைகள் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் அளவில் இருக்கின்றன. அங்கே இரவில் போர்வை வேண்டும். தைப்பிங்கில் இரவிலும் மின்விசிறி சுற்ற வேண்டும். ஸ்ட்ராபெரிக்குப் பூ மொட்டு கட்டுவதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். பச்சைப் பட்டாணிக்கும் அதே பிடிவாதம்தான். வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். போதாக்குறைக்கு மழை. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவில் கொட்டுகிற ஊர் தைப்பிங். தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் என்ற பெயர் அதற்குண்டு. அந்த ஈரத்தில் ஸ்ட்ராபெரிப் பழம் மண்ணைத் தொட்டால் பூசணம் பிடித்துவிடும்.

அப்படியென்றால் இந்த இரண்டையும் பற்றித் தைப்பிங்கில் ஏன் பேச வேண்டும்? பறிப்பைப் பற்றி இவை இரண்டும் சொல்லித் தருகிற பாடத்துக்காகத்தான்.

மாம்பழத்தைச் செங்காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை வெட்டித் தொங்கவிட்டால் பழுக்கும். ஸ்ட்ராபெரி அப்படியில்லை. காம்பை விட்டு வந்த நிமிடத்தோடு அது பழுப்பதை நிறுத்திவிடும். வெள்ளையாகப் பறித்தால் பிறகு நிறம் வேண்டுமானால் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. நசுங்காமல் வெகுதூரம் லாரியில் போகவேண்டும் என்பதற்காக வியாபாரி அதை முழுதும் பழுக்குமுன் எடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் முழுச் சிவப்பாகும்வரை பொறுத்திருந்து, விடிகாலைக் குளிர்ச்சியில், பச்சை மூடியும் துண்டுக் காம்பும் சேரக் கிள்ளி எடுக்க, செடிக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கிறவரால்தான் முடியும்.

பட்டாணி இன்னும் அவசரக்காரன். பறித்த நேரத்திலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடுகிறது. காலையில் பறித்ததை மறுநாள் சமைத்தால் அது வேறு காய். கொடியின் அடியில் இருக்கிற காய்தான் முதலில் விளையும். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ள வேண்டும். ஒற்றைக் கையால் இழுத்தால் கொடியே வேரோடு வந்துவிடும்.

நம் சமையலறைக்கு வருகிற பட்டாணி பெரும்பாலும் உறைந்தது, இல்லாவிட்டால் டின்னில் அடைத்தது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். டின் என்றாலே வெள்ளீயம். இரும்புத் தகட்டின்மேல் பூசிய அந்த ஈயத்தில் ஒரு பங்கு, ஒரு காலத்தில் இதே லாருட் மண்ணிலிருந்து தோண்டிக் கப்பலேற்றியது. இந்த ஊர் பட்டாணி விளைவிக்கவில்லை. பட்டாணியை அடைக்கும் டப்பாவுக்கு ஈயம் கொடுத்தது.

சரி, கீழ்நாட்டு மண்ணுக்கு எது பட்டாணி? பயத்தங்காய்தான். பட்டாணியின் குடும்பம்தான் அதுவும். விதை போட்டு 50 நாளுக்கு முன்பின்னாகக் காய்க்கத் தொடங்கும். பென்சில் பருமனில், உள்ளே பயறு புடைக்குமுன் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் ஏமாந்தால் தோல் சவசவ என்றாகிவிடும். அதைவிட முக்கியம், முற்றவிட்டால் கொடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கப் பறிக்கக் காய்க்கும். காயை மட்டும் கிள்ளி, பூந்தண்டை விட்டுவைக்க வேண்டும். அதே தண்டில் மறுபடியும் பூ வரும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிற பழக்கத்துக்கும் இதுதான் காரணம். சந்தையில் ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார். சொந்தச் செடியில் ஒடிக்கவே தேவையில்லை, பூத்தது எந்தக் கிழமை என்பது தெரிந்திருக்கும்.

இந்த அறிவெல்லாம் பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் லயத்துக்கு லயம் இருந்தது. கமுந்திங், பொண்டோக் தஞ்சோங், பாகான் செராய், செலாமா வட்டாரங்களில் லயத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, நிறுவை. எல்லாம் முடிந்து வீடு வந்தால் பின்கட்டில் கத்தரி, மிளகாய், முருங்கை, பயத்தங்கொடி, ஓர் ஓரத்தில் மரவள்ளி. உலை கொதிக்கிறபோது போய்ப் பறித்துக்கொண்டு வருவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக் கப்பல் நின்றபோது அந்த மரவள்ளிதான் எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது.

அந்தப் பாத்தி யாரோ ஒரு துரையின் இரக்கத்தில் கிடைத்ததென்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். போருக்கு முன்பே மலாயாவின் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் அது எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தோடு வாழும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 2,720 சதுர அடி. தோட்டத்துக்குத் தோட்டம் அதை எப்படி நிறைவேற்றினார்கள் என்பது வேறு கதை. சட்டம் சொன்ன அளவு அது.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே நகரத்துத் தொழிலாளர்கள் வீட்டுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுவார்கள். அலாட்மென்ட் என்று பெயர். ஜூன் மாதம் வந்தால் அதில்தான் ஸ்ட்ராபெரியும் பட்டாணியும் பறிப்பார்கள். அந்தத் துண்டின் வழக்கமான அளவு 10 சதுர ராட். ஓர் ஏக்கருக்கு 160 சதுர ராட். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 16-இல் ஒரு பங்கு! லண்டன் தொழிலாளியின் பட்டாணிப் பாத்தியும் லாருட் தொழிலாளியின் பயத்தங்காய்ப் பாத்தியும் காகிதத்தில் ஒரே அளவு.

அளவு ஒன்றுதான், உரிமை ஒன்றாக இல்லை. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் பாத்தி நிலம் கொடுக்கும் கடமையை உள்ளூர் மன்றத்தின் தலையில் வைத்தது. வாக்காளர்களில் 6 பேர் சேர்ந்து எழுதிக்கொடுத்தால் மன்றம் அதைக் கவனித்தே ஆகவேண்டும். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு பூட்டுப் போட்டது: பாத்திக்கென்று வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் மன்றம் விற்க முடியாது. லயத்துப் பாத்திக்கு அப்படிப்பட்ட பூட்டு எதுவும் கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு. வீடு இருக்கும்வரை பாத்தி.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இந்த வேறுபாடு சுட்டது. அதற்கு விடையாகத்தான் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் மாதாந்திர 10 வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பெரிய காரியம். ஆனாலும் பேராக்கில் எத்தனையோ தோட்டங்கள் பிறகு செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறின. லயத்து மக்கள் நகரோரத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். இத்தகைய அடுக்குமாடி வீடு ஒன்றின் பரப்பு 650 சதுர அடி அளவில் இருக்கும். பழைய பாத்தி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். வீடு போனதைப் பற்றி நிறையப் பேசினோம். பாத்தி போனதைப் பற்றிப் பேசினோமா?

மூன்றாம் மாடியில் தொட்டி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம். மிளகாயும் கறிவேப்பிலையும் வரும். தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவும் வரும், சுகாதாரத் துறையின் அபராதமும் வரும். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு வாரம் இரண்டு முறை பயத்தங்காய் பறிக்கத் தொட்டி போதாது. அதற்குத் தரையில் பந்தல் வேண்டும்; தைப்பிங் மழைக்கு உயர்த்திய பாத்தி வேண்டும்; பாத்திக்கு நடுவே வடிகால் வேண்டும்.

ஆகவே சிலர் ஆற்றோரத்திலும் தண்டவாளத்தோரத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கிற இடத்தில் நட்டுவிடுகிறார்கள். ஒருநாள் இயந்திரம் வந்து வழித்துப் போட்டால் நியாயம் கேட்க இடமில்லை. குடியிருப்புவாசிகள் சங்கமாகப் பதிந்துகொண்டு, விவசாயத் துறையின் சமூகத் தோட்டத் திட்டத்தில் சேர்ந்து, நகராண்மைக் கழகத்திடம் இடம் கேட்பது நல்ல வழி. தனி ஆளாகக் கேட்கிறவர்கள் மாவட்ட நில அலுவலகத்தில் தற்காலிக உரிமத்துக்கு மனுப் போடுகிறார்கள். கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். மறு ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள் என்ற உறுதி கிடையாது. நவம்பர் நடுவில் விதைத்த பயத்தங்கொடி முதல் காய் தருவது ஜனவரியில். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.