நிழல் யாருக்கு?

(வாலாஜாபாத் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும்போதே ஒருத்தர் கேட்டார்: "வெயில் எல்லாருக்கும் பொதுதானே, அதுல என்னாங்க தலித் வெயிலு?" நியாயமான கேள்விதான். வெயில் பொது. நிழல் பொதுவா? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எங்க ஆயா சித்திரை வெயில்ல களத்துமேட்டுல இருந்து திரும்பும்போது, ஊர் அரசமரத்தைச் சுத்திக்கிட்டுத்தான் வரும். அந்த மேடையில் உட்கார முடியாது. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று 1924-லேயே, தாத்தா ரெட்டமலை சீனிவாசன் உறுப்பினராக இருந்த சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. 1927-ல் மகத்தில் பாபாசாகேப் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காகவா? பொது இடம் என்றால் நாமும் அதில் அடக்கம் என்று நிலைநாட்டத்தான். அதற்கெல்லாம் பிறகும் ஆயா சுத்திக்கிட்டுத்தான் வந்தது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சரி, சாகாமல் இருக்க என்ன ஏற்பாடு? அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் ஆயிரம் பேருக்கு மேல் கூடுதலாகச் செத்தார்கள். அதன் பிறகு, 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் போட்டது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், ஏழைகளின் கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு என்று படிப்படியாகச் செய்தார்கள். செய்ய முடியும் தோழர்களே.

நம்ம காலனியைப் பாருங்க. தாழ்வான கான்கிரீட் கூரை. பகல்ல குடிச்ச வெயிலை ராத்திரி பூரா கக்குது. தெருவும் சிமெண்ட்; மரம் வைக்க ஓரம்கூட விடலை. வெளியில காத்தாட உட்காரலாம்னா எங்க உட்காருறது? கல்குவாரியில் கல் உடைக்கிறவன், சாக்கடை அள்ளுறவன், நடவு நடுறவள் யார்? பகல் வெயில் முழுக்க யார் முதுகில் விழுகிறது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீர்நிலைச் சீரமைப்பு என்ற பெயரில் கூவம் கரையில் இருந்த மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். கரையில் நடைபாதையும் பூங்காவும் வரும். அங்கே வாழ்ந்தவனுக்கு 'ஆக்கிரமிப்பாளன்' என்று பேர் வரும். அப்படியொரு குளிர்ச்சி நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது இதுதான். பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் கூரை, குடிதண்ணீர், கழிப்பறை. உச்சிவெயில் நேரத்தில் கூலி பிடிக்காத ஓய்வு. வெள்ளைப் பூச்சும் மரமும் முதலில் சேரியில், பிறகு மற்ற தெருவில். பேரூராட்சிக் கூட்டத்துக்கு மனுவோடு போவோம். மாணவர்கள் தெருத்தெருவாக மரத்தை எண்ணிக் கணக்கோடு வாருங்கள்.

மரம் நடச் சொல்கிறார்கள். நடுவோம். யார் தெருவில் என்று கேட்டுவிட்டு நடுவோம்.

ஜெய்பீம்!