வாக்குச்சீட்டுக்கு முன் ஒரு ஜனாதிபதி



தேர்தல் நெருங்கும்போது நம் வீட்டுத் திண்ணைகளில் இரண்டு விதமான பேச்சு அடிபடும். "ஆள் எப்படியும் இருக்கட்டும், நாட்டுக்கு வேலை செய்தாரா, அதைச் சொல்லுங்கள்" என்பார் ஒருவர். "வேலை கிடக்கட்டும், ஆளை நம்பலாமா?" என்று கேட்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கடைசிவரை இணங்கமாட்டார்கள். இன்றைய உரையில் இந்த வழக்கை ஒரு பழைய தேர்தலை வைத்து விசாரிக்க நினைக்கிறேன். 1982 ஒக்ரோபர் 20ஆம் திகதி இலங்கையில் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தல் அது.

ஜே. ஆர். ஜயவர்த்தன அப்போது ஏற்கனவே ஜனாதிபதி. ஆனால் அந்தப் பதவிக்கு மக்கள் அவரைத் தெரிவு செய்திருக்கவில்லை. 1977 ஜூலைப் பொதுத்தேர்தலில் 168 ஆசனங்களில் 140 ஐ ஐக்கிய தேசியக் கட்சி அள்ளிக்கொண்டது, அவர் பிரதமரானார். பிறகு அரசியலமைப்பைத் திருத்தி, 1978 பெப்ரவரி 4ஆம் திகதி தாமே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றார். ஆகவே 1982 இல்தான் "இந்தப் பதவிக்கு இந்த மனிதர் வேண்டுமா?" என்ற கேள்வி முதன்முதலாக மக்களிடம் வந்தது. தீர்ப்புச் சொல்ல ஐந்து வருட வேலையும் நாற்பது வருட அரசியல் வாழ்வும் கண்முன்னே இருந்தன.

வேலையை முதலில் பார்ப்போம். அது சின்ன விஷயமல்ல. 1977 க்கு முந்திய வருடங்களை அனுபவித்தவர்களுக்குப் பாண் வரிசை ஞாபகம் இருக்கும். விடியுமுன்னே எழும்பி, சங்கக்கடை வாசலில் கூப்பனோடு நின்ற காலம் அது. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்கு அரிசி கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு இருந்தது. வழியில் மறித்துச் சோதிப்பார்கள். ஜயவர்த்தன அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. கடைகள் நிறைந்தன. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. கிராமத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள். முப்பது வருடத்துக்கென்று போட்டிருந்த மகாவலித் திட்டத்தை ஆறே வருடத்தில் முடிக்கப் போவதாக அறிவித்து, விக்ரோறியா, கொத்மலை, ரந்தெனிகல, மாதுறு ஓயா என்று அணைக்கட்டு வேலைகளை முடுக்கிவிட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1980 முதல் இலவசப் பாடப்புத்தகம் கிடைத்தது. 1982 தொடக்கத்தில் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது.

இதற்கு விலையும் இருந்தது. இரேஷன் அரிசி போய் 1979 இல் உணவு முத்திரை வந்தது. 1980 இல் விலைவாசி ஏற்றம் இருபத்தைந்து வீதத்தைத் தாண்டியது. அந்த வருடம் ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 தொழிலாளர் ஒரேயடியாக வேலையிழந்தார்கள். அந்த இடியிலிருந்து எழும்பமுடியாத குடும்பங்கள் பல.

யாழ்ப்பாணத்து வெங்காயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1977 க்கு முந்திய பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் ஆட்சியில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உள்ளே வரவில்லை. அந்த ஏழு வருடம் செம்மண் தோட்டக்காரனுக்கு நல்ல காலம். உரும்பிராய், கோண்டாவில், புன்னாலைக்கட்டுவன் பக்கங்களில் செத்தல் மிளகாய் முற்றம் நிறையக் காயும். வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி வளையில் தொங்கவிட்டு, விலை ஏறும் நாளைப் பார்த்திருப்பார்கள். துலா இருந்த கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் வந்தது. மண்வீடு கல்வீடானது. 1977 க்குப் பிறகு இறக்குமதிச் சரக்கு கொழும்புச் சந்தையில் வந்து குவிந்ததும் தோட்டக்காரனின் கை தளர்ந்துபோனது.

இதன் எதிரொலி 1982 வாக்குகளில் தெரிந்தது. ஜயவர்த்தனவை எதிர்த்து நின்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி வேட்பாளர் ஹெக்ரர் கொப்பேகடுவ, முந்திய ஆட்சியில் விவசாய அமைச்சராக இருந்தவர். யாழ் மாவட்டத்தில் அவருக்கு முப்பத்தைந்து வீதம் கிடைத்தது; ஜயவர்த்தனவுக்கு இருபது வீதத்துக்குச் சற்றுமேல். முதலில் வந்தவர் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம். பல்கலைக்கழகத் தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும், தமிழர் கேட்டதைப் புறந்தள்ளி 1972 அரசியலமைப்பை நிறைவேற்றியதும் கொப்பேகடுவவின் கட்சி சேர்ந்திருந்த ஆட்சிதான். அந்தக் கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, தோட்டத்தை நினைத்து வாக்குப் போட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். வயிறும் பிள்ளைகளின் படிப்பும் கொள்கையோடு கட்டுண்டவை. மலையகத்திலும் அப்படித்தான். தோட்டத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் 1978 இலிருந்து அமைச்சரவையில் இருந்தார். பதிவுப் பிரசைக்கும் பரம்பரைப் பிரசைக்கும் இடையில் சட்டம் வைத்திருந்த வேறுபாட்டை 1978 அரசியலமைப்பு நீக்கியது. தோட்டத் தொழிலாளிக்கு அது பெரிய விஷயம்.

இனி ஆளுக்கு வருவோம்.

ஆளின் குணம் என்றவுடன் நாம் வழக்கமாகப் பார்ப்பது குடிக்கிறாரா, கோயிலுக்குப் போகிறாரா, குடும்பத்தை வளர்க்கிறாரா என்பதைத்தான். அந்தக் கணக்கில் ஜயவர்த்தன மேலானவர். நயத்தோடு பேசுவார், வாசிப்பவர், தம் பிள்ளையை வாரிசாக்கவில்லை. 1951 இல் சன் பிரான்சிஸ்கோ மாநாட்டில், யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று சொல்லி, பகையைப் பகையால் தணிக்கமுடியாது என்ற புத்தர் வாக்கை உலகத்தின் முன் வைத்தவர். யப்பான் இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறது.

ஆனால் ஆட்சியாளரின் குணத்தை வேறோர் இடத்தில் தேட வேண்டும் என்பது என் எண்ணம். தன்னைக் கட்டுப்படுத்தும் விதிகளை அவர் என்ன செய்கிறார், தன்னை எதிர்ப்பவரை என்ன செய்கிறார், தனக்கு வாக்குப் போடாத மக்களை என்ன செய்கிறார் என்று பாருங்கள். வாக்காளருக்கு அவருடைய உள்ளத்தைப் பார்க்க வழியில்லை. இந்த மூன்றையும் பார்க்கலாம். அவை வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் பதிவானவை.

1982 ஒக்ரோபரில் அந்தப் பதிவு எப்படியிருந்தது? 1944 இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை அரசாங்க சபையில் கொண்டுவந்தவர் ஜயவர்த்தன. வி. நல்லையாவின் திருத்தத்தை ஏற்றுத் தமிழையும் சேர்த்துக்கொண்டார் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் 1957 இல், அப்போதைய பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்துக் கண்டிக்கு ஊர்வலம் புறப்பட்டவரும் அவரே. இம்புல்கொடையில் வைத்து அந்த ஊர்வலம் மறிக்கப்பட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாயை விரிக்கத் தெரிந்தவர் என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி.

ஆட்சிக்கு வந்த பிறகு நடந்தவை இன்னும் தெளிவானவை. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகச் சட்டமென்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1980 ஒக்ரோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழு வருடத்துக்குப் பறிக்கப்பட்டது. ஜயவர்த்தனவுக்குச் சரிக்குச் சரியாக நின்றிருக்கக்கூடிய ஒரே போட்டியாளர் அவர்தான். தேர்தலில் நிற்க முடியாமற் போனது மட்டுமல்ல, தம் கட்சி வேட்பாளருக்காக மேடையேறி வாக்குக் கேட்கவும் அவருக்கு வழியில்லாமற் போனது. 1981 மே கடைசியில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் இருக்கையில், பொலிஸார் வெறியாடி யாழ்ப்பாணம் எரிந்தது. பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் யாழ்ப்பாண எம்.பி. யோகேஸ்வரனின் வீடும் எரிந்தன. ஜயவர்த்தனவின் அமைச்சர்கள் இருவர் அப்போது அந்த நகரத்திலேயே இருந்தார்கள். இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள். என்னைக் கேட்டால், ஒரு தலைவரை எடைபோட அந்த ஒன்றே போதுமானது. நூலகத்துக்குத் தீ வைத்தவனை யாரென்று தேடாத ஆட்சி, தனக்கு வாக்குப் போடாத மக்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது.

கடைசியாக, 1982 ஓகஸ்டில் அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம். நான்கு வருடம் முடிந்ததும் ஜனாதிபதி தமக்கு வாய்ப்பான நேரத்தில் தேர்தலை அழைக்கலாம் என்றது அது. அந்த வாசலால்தான் ஒக்ரோபர்த் தேர்தலே வந்தது.

முடிவு உங்களுக்குத் தெரியும். 52.91 வீத வாக்கோடு ஜயவர்த்தன வென்றார். இருபத்திரண்டு மாவட்டங்களில் யாழ்ப்பாணம் ஒன்றைத்தான் இழந்தார். நாடு முழுவதும் நூற்றுக்கு எண்பத்தொரு பேர் வாக்களித்த தேர்தலில், யாழ் மாவட்டத்தில் பாதிப்பேர்கூட வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடாமல் ஒதுங்கி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். புதிய விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் வைத்தால், 53 வீதம் எடுத்த கட்சிக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது. பாராளுமன்ற ஆசனங்களில் ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்தவருக்கு அது பெரிய நட்டம். ஆகவே பொதுத்தேர்தலே வேண்டாமென்று முடிவானது. ஆளுங்கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்கள் கையெழுத்து வாங்கி வைக்கப்பட்டன. 1982 டிசம்பர் 22ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீடிக்கச் சம்மதமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்க, எதிரணியின் முக்கியமான சிலர் மறியலில் இருக்க, விளக்கு 54 வீதத்துக்குச் சற்றுமேல் எடுத்தது.

குடத்துக்கு வாக்குக் கேட்டு பிக்குமார் அச்சடித்த ஆயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அதிகாரி ஒருவர் பறிமுதல் செய்தார். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அமைச்சரவை அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. வெங்காய இறக்குமதி பிழையென்றால் அடுத்த தேர்தலில் ஆட்சியை மாற்றி அதை நிறுத்தலாம். உணவு முத்திரை போதவில்லையென்றால் கூட்டலாம். கொள்கை எவ்வளவு மோசமானதானாலும் திருத்த இடமுண்டு, அடுத்த தேர்தல் என்று ஒன்று நடக்குமென்றால். அது நடக்குமா இல்லையா என்பதை ஆளின் குணம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே திண்ணையில் நடக்கும் அந்த வழக்கில் நான் இரண்டாவது ஆள் பக்கம். 1982 இல் திறந்த பொருளாதாரத்துக்கென்று வாக்குப் போட்டவர், இரண்டே மாதத்தில் தம்முடைய எம்.பி.யைத் தெரிவுசெய்யும் உரிமையையும் கொடுத்துவிட்டு நின்றார்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த வன்முறையை யாரும் முன்கூட்டிக் கண்டிருக்க வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கொழும்பு எரிந்தபோது நாட்டின் தலைவர் எப்படி நடந்துகொண்டார் என்பதில் புதுமை எதுவுமில்லை. நான்கு நாள் கழித்து, ஜூலை 28ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றினார். உயிரும் வீடும் இழந்த தமிழருக்காக ஓர் அனுதாப வார்த்தை அந்த உரையில் இருக்கவில்லை. ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டோமென்று அதன்படி சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி எம்.பி.மார் ஆசனங்களை இழந்தார்கள். கூட்டணிக்கு வாக்களித்த வடக்குக் கிழக்கு மக்களின் குரல் பாராளுமன்றத்தில் அற்றுப்போனது. பகையைப் பகையால் தணிக்கமுடியாது என்று சன் பிரான்சிஸ்கோவில் பேசியவரின் ஆட்சியில் இது நடந்தது.

இது ஒரு மனிதரோடு முடிந்த கதையுமல்ல. 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்ஷ இரண்டாம் முறை வென்றார். தோற்ற வேட்பாளர் சரத் பொன்சேகா இரண்டு வாரத்துக்குள் கைதானார். செப்டெம்பரில் பதினெட்டாவது திருத்தம் வந்து, இரண்டு தவணை என்ற வரம்பை எடுத்துவிட்டது. போர் முடிந்ததற்கும் வீதிகள் போட்டதற்கும் வாக்களித்த தென்னிலங்கை மக்களிடம் அந்த வரம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை பதவியிலிருக்கும் ஒரு ஜனாதிபதி உங்களிடம் வாக்குக் கேட்டு வரும்போது, அவர் போட்ட வீதியையும் குறைத்த விலையையும் நன்றாகக் கணக்குப் பாருங்கள். அது உங்கள் உரிமை. அதோடு பழைய பத்திரிகைகளையும் எடுத்துப் பாருங்கள். எந்தத் தேர்தலைத் தள்ளிப்போட்டார், எந்த நீதிமன்றத் தீர்ப்பைத் தட்டிக்கழித்தார், எதிராளியை எந்தச் சட்டத்தால் மடக்கினார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், அவர்களும் வாக்காளராகப் போகிறவர்கள்தானே.

1977 க்குப் பிறகு இலங்கையில் அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. 1977 ஜூலையில் பதினேழு வயதாக இருந்து வாக்களிக்க முடியாமற்போன ஒருவர், முதன்முதலாகத் தம் பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவு செய்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது.